முதுகில் தையல் விழுந்த செம்பூனை

1
இந்தக் கதை என்னுடையது இல்லை, கண்ணுகளா. கோட்டுக்குப் பொத்தான் தைக்கப் போன இடத்தில் கிடைத்தது. தையல்காரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நீங்க கதை எழுதுறவங்கதானே? எனக்கு ஒரு முடிவு வேணும். திங்கட்கிழமைக்குள்ள" என்றாள். இதுவரை யாரும் என்னிடம் முடிவு கேட்டதில்லை. சீக்கிரம் முடிங்க என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

முதல் தொடக்கம்: 'காடு அடர்ந்திருந்தது. அதன் ஆழத்தில் ஒரு பூனை...'

(வேண்டாம். பூனையை நான் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. சிக்கலே அதுதான்.)

2
தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். தையல்காரிக்கு ஒரு அண்ணன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். கணவன் போன பிறகு இவள் அவரோடு வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் சண்டை வருகிறது என்று, இருவரும் காட்டுவிலங்குக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களாகச் சேர்ந்தார்கள். [இதைவிட உயர்ந்த காரணம் ஒன்று யோசித்து அரைப் பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். சண்டைதான் காரணம்.]

தேடியது செம்பூனையை. நாய் அளவு, துரு நிறம். அந்தக் காட்டில் இருக்கிறதா என்பதே தெரியாது. மரத்தில் கட்டிய கேமராப் பெட்டி, எதிரே எது அசைந்தாலும் தானே படம் எடுக்கும். மாதம் ஒரு ஞாயிறு இவர்கள் போக வேண்டும். போனதும் ஒருவர் விலங்கின் உயரத்தில் கேமரா முன்னால் தவழ வேண்டும். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று மற்றவர் பார்க்க வேண்டும். எரிந்தால், பேட்டரியும் படம் பதியும் அட்டையும் மாற்றிவிட்டு, பழைய அட்டையைக் கணக்கெடுப்பு அலுவலகத்தில் கொடுக்கலாம்.

தவழ்வது அண்ணன். துரு நிறக் கம்பளிச் சட்டையில். எழுபது வயதில்.

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. எந்திரி அண்ணே."

"வாயால சொன்னா எந்திரிக்க முடியுமா? கையைக் குடு."

எட்டு வருஷம். படிவத்தில் செம்பூனைக்கு நேராக ஒவ்வொரு மாதமும் அவர் 'இல்லை' என்றே எழுதினார்.

"ஒரு தடவை 'இருக்கலாம்'னு போடேன். பாவம், அவங்களும் சந்தோஷப்படுவாங்க."

"வராத பஸ்ஸை வந்துச்சுன்னு எழுதச் சொல்றியா?"

3
போன ஆண்டு அண்ணன் இறந்தார். (இங்கே ஒரு பத்தி வர வேண்டும். எழுத வரவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு நாற்காலி காலியாகியிருக்கும். அதை இங்கே போட்டுக்கொள்ளுங்கள்.)

அவர் படம் எடுக்க விட்டதே இல்லை. ஓட்டுநர் உரிமத்தில் ஒட்டிய முகம் மட்டும் மிச்சம். தவழ்ந்த படங்கள் இருக்குமே என்று தங்கை அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"மனுஷங்க விழுந்த படத்தை அன்னைக்கே அழிச்சுடுவோம்மா. அதுதான் விதி" என்றாள் அங்கிருந்த பெண். "மன்னிச்சுக்குங்க."

மூன்று வாரம் முன்பு அதே பெண் குரல் கொள்ளாத சந்தோஷத்தோடு கூப்பிட்டாள். இவர்கள் கடைசியாகப் போட்டுவிட்டு வந்த அட்டையை இப்போதுதான் வேறு யாரோ எடுத்து வந்திருக்கிறார்கள். அதில் செம்பூனை. பின்னாலேயே படமும் கடிதமும்: 'பனிமூட்டத்தில் முதுகு மட்டும் தெரிகிறது. வயதான ஆணாக இருக்கலாம். தோளருகே பழைய வடு.' கேமராக்களைக் கழற்றிவிட இருந்தார்களாம். இந்தப் படத்தால் இன்னும் ஐந்து வருஷம் இருக்குமாம். கூட வந்த படிவத்தில் தன்னார்வலரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, திங்கட்கிழமைக்குள்.

அந்த வடு, இவள் போட்ட தையல். முள்ளில் கிழிந்த சட்டைக்கு, அவசரத்தில், நிறம் பொருந்தாத நூலால் போட்டது.

பேட்டரி மாற்றிய அண்ணன் அன்று கேமராவின் கடிகாரத்தைச் சரிசெய்ய மறந்திருக்கிறார். படத்தில் தேதி பல மாதம் தள்ளி விழுந்திருக்கிறது. அந்தத் தேதியில் அங்கே ஆள் போனதாக எந்தப் படிவத்திலும் இல்லை.

"வயசான ஆணுங்கிறதை மட்டும் சரியாக் கண்டுபிடிச்சுட்டாங்க" என்று தையல்காரி சிரித்தாள். என் பொத்தானைத் தப்பான இடத்தில் தைத்தாள்.

4
அ. கையெழுத்துப் போடுகிறாள். அண்ணன் பூனையாகக் கோப்பில் நிலைக்கிறார். 'இல்லை' என்றே எழுதியவரை, இல்லாததற்குச் சாட்சியாக்கி.

ஆ. உண்மையைச் சொல்கிறாள். விதிப்படி படம் அழிகிறது. கேமராக்கள் மரத்திலிருந்து இறங்குகின்றன. (வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். நானும் சொன்னேன். "என்கிட்ட இருந்தா அது போட்டோ. அங்க இருந்தா அண்ணன் காட்டுல இருக்காரு" என்றாள்.)

இ. அடுத்த வாரமே நிஜமான செம்பூனை வந்து கேமரா முன்னால்...

(இல்லை. இவ்வளவு வசதியான பூனையை நானே நம்பமாட்டேன்.)

5
இன்று மறுபடி போனேன், கையில் முடிவு இல்லாமல். படிவம் கத்தரிக்கோலுக்கு அடியில் கிடந்தது. சொல்லாமல் விட்ட ஒன்றை அப்போதுதான் சொன்னாள்.

"அன்னைக்கு ஒரு தடவை தவழ்ந்து முடிச்சாச்சு. விளக்கும் எரிஞ்சுது. புது அட்டையைப் போட்டுட்டுக் கிளம்ப இருந்தோம். நான்தான், 'இப்ப எரியலையே அண்ணே'ன்னேன். சும்மா, அவரைச் சீண்டிப் பார்க்க. முணுமுணுத்துக்கிட்டே மறுபடி தவழ்ந்தாரு. கோவத்துல முகத்தைக்கூடத் திருப்பலை. அதுதான் இது." படத்தை விரலால் நீவினாள், துணியை நீவுவதுபோல. "நான் பொய் சொன்னதாலதான் இருக்காரு. உண்மையைச் சொன்னா இல்லை."

நாளை திங்கட்கிழமை. இத்தனை வருஷம் உங்களுக்குக் கதை சொல்லியிருக்கிறேன், கண்ணுகளா. இது ஒன்றை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். பனி இறங்கியிருக்கிறது. துரு நிற முதுகு ஒன்று, முட்டிவலியோடு, முணுமுணுத்தபடி போகிறது. பெட்டிக்குப் பக்கத்தில் இந்தமுறை நிற்பது நீங்கள்.

"எரிஞ்சுதா?" என்கிறார்.

நீங்கள் சொல்லும்வரை அவர் எழுந்திருக்கமாட்டார்.