பாலத்துக்கு ஆகாத கலவை

1984இல், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் மிஷின் நின்ற தளம் மூன்றாவது முறையாக வெடித்தது. நாளெல்லாம் மிஷின் ஆடுகிற ஆட்டத்தை எந்தக் காங்கிரீட்டும் ஆறு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. உடைத்து அள்ளிவிட்டு, கல்லும் மணலும் சுமந்து புதுத் தளம் போடுவது எஸ்டேட் கட்டட ஆட்களின் வேலை. அவர்களில் வடிவம்மாள் ஒருத்திதான் பெண். கொழுந்து எடுக்கும்போது சரிவில் விழுந்து முட்டி பிசகியதிலிருந்து பத்து வருடமாகக் கலவை போடுகிறாள்.

"விறைப்பா நிக்குது, அதான் வெடிக்குது. ஆட்டத்தை வாங்கிக்கிற மாதிரி ஏதாச்சும் உள்ள போடணும் அண்ணே," என்றாள் கொத்தனார் மாடசாமியிடம்.

"காங்கிரீட்டுல பஞ்சா வைக்கப்போற? சிமெண்டைக் கொட்டு லா."

அவள் கொட்டினாள். ஆனால் அந்த நினைப்பை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரிஞ்சாங் சந்தைக்குப் போனவள், பழைய லோரி டயரைச் சீவிப் புது ரப்பர் ஒட்டுகிற கடைக்குப் பின்னால் கறுப்புச் சீவல் குவிந்து கிடப்பதைக் கண்டாள். கடைக்காரச் சீனர், வேண்டியதை அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். இரண்டு சாக்கு அள்ளினாள்.

முதல் கலவையில் கல்லில் பாதியைக் குறைத்து ரப்பரைப் போட்டாள். பத்து நாள் கழித்துச் சுத்தியலால் தட்டியதும் காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது. மாடசாமி சிரித்தான். அவள் உதிர்ந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ரப்பர்த் துண்டுகள் வழவழவென்று தனியாக வந்தன. ஒன்றில்கூடச் சிமெண்ட் ஒட்டியிருக்கவில்லை.

அழுக்கும் எண்ணெயும்தான் காரணம் என்று நினைத்து, அடுத்த முறை சீவலைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, கழுவிக் காயவைத்தாள். அளவையும் குறைத்தாள். அதுவும் சரியாக வரவில்லை. மூன்றாவதும் நாலாவதும் வரவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் அவளை 'டயர்க்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, "என்னா?" என்று கேட்பாளே தவிர, கோபித்துக்கொள்ளவில்லை.

ஐந்தாவது கலவையில் பத்துச் சட்டி மணலுக்கு ஒரு சட்டி ரப்பரைத்தான் மாற்றிப் போட்டிருந்தாள். மாடசாமி பெரிய சம்மட்டியை ஓங்கி அடித்தான். சாதாரணக் கலவைப் பாளம் நாலாவது அடியில் சிதறியது. அவளுடையது ஒன்பதாவது அடியில்தான் கீறல் விட்டது. அப்போதும் துண்டு துண்டாகப் பிரியவில்லை.

மாடசாமி சம்மட்டியைக் கீழே வைத்தான். "நாளைக்கு மிஷினுக்கு அடியில இதைப் போடுவோம்," என்றான்.

ஒரு வருடம் ஆகியும் அந்தத் தளம் வெடிக்கவில்லை.

செய்தி எஸ்டேட்டை நடத்துகிற துரைக்கு எட்டியது. ஈப்போவிலிருந்து வந்த அவருக்குத் தமிழ் சுமாராக வரும். அவர் கணக்கெழுதும் கிராணி அருள்சாமியை அழைத்துக்கொண்டு கட்டட ஷெட்டுக்கே வந்துவிட்டார். கம்போங் ராஜா பக்கத்து மலையில் கொழுந்து லோரி போவதற்கு ஓடையின் குறுக்கே ஒரு பாலம் கட்ட வேண்டியிருந்தது. கல்லும் மணலும் தாப்பாவிலிருந்து மலையேறி வந்து சேர நாளாகும்.

"ரப்பர் சும்மா கிடைக்குது. பாலத்துக்கும் அதையே போடு. நிறையப் போடு," என்றார் துரை.

"பாலத்துக்கு ஆகாது ஐயா," என்றாள் வடிவம்மாள்.

கிராணி முகம் சுளித்தார். "துரைகிட்ட இப்படியா பேசுறது? மிஷினுக்குத் தாங்கினது லோரிக்குத் தாங்காதா?"

"மிஷின் ஆட்டுது, லோரி அமுக்குது. ரெண்டும் வேற. ரப்பர் அடியைத் தாங்கும், பாரத்துக்கு நசுங்கும். பாலத்து மேல நம்ம ஆளுங்கதானே ஐயா போவாங்க?"

"நீ இன்ஜினியரா?" என்று துரை கேட்டார். குரலில் கோபத்தைவிட வியப்பே அதிகம்.

"இல்லைங்க. பத்து நாள் கொடுங்க, கண்ணாலயே பாருங்க. அப்புறமும் போடச் சொன்னா வேற ஆளை வெச்சுப் போட்டுக்குங்க. என் கையால கலக்க மாட்டேன்."

வேலை போய்விடும் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. இருந்தாலும் மறுநாள் விடிந்ததும் இரண்டு அங்குலக் கட்டிகள் ஆறு வார்த்தாள். மூன்று வெறும் கல் கலவை, மூன்று ரப்பர் கலவை.

பதினோராம் நாள், மூட்டை ஏற்றிய லோரியைத் தொழிற்சாலை முற்றத்தில் நிறுத்தச் சொன்னாள். பின் அச்சுக்குக் கீழே ஜாக்கியை வைத்து, அதன் தலைக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு கட்டியைச் செருகினாள். லோரி கவிழாமல் இருக்கப் பக்கத்தில் மரக்கட்டைகளை அடுக்கியிருந்தாள். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நீளமான தண்டைப் பிடித்து அவளே ஜாக்கியை ஏற்றினாள்.

கல் கலவைக் கட்டிகள் மூன்றும் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கின. ரப்பர் கட்டி, சக்கரம் எழும்புவதற்கு முன்பே நெறுநெறுவென்று பிளந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் துரை தாமே எடுத்து வைத்தார். அது கொஞ்சம் தாக்குப்பிடித்து, பிறகு நசுங்கியது.

துரை குனிந்து அந்தத் தூளை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"கல்லுக்கு எழுதிப் போடு," என்றார் கிராணியிடம். பிறகு வடிவம்மாள் பக்கம் திரும்பி, "பாலத்துக்குக் கலவை நீதான் பார்க்கணும்," என்றார்.

கல் வந்து சேர மூன்று வாரம் ஆனது. பாலத்துக்குக் காங்கிரீட் போட்ட இரண்டு நாளும் அவள் ஒவ்வொரு சட்டியையும் பார்த்துத்தான் விட்டாள். தண்ணீர் கூடிப்போன ஒரு கலவையை மாடசாமி வாதாடியும் கேட்காமல் ஓரமாகக் கொட்டச் சொன்னாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே கொட்டினான்.

முதல் லோரி கொழுந்தோடு பாலத்தைக் கடந்த அன்று அவள் அங்கே இல்லை. கொழுந்தை எடை போடும் நிறுவைக் கொட்டகையில், கூடைகளைத் தொப்பென்று இறக்குகிற இடத்தில் தளம் பெயர்ந்து கிடந்தது. அதைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தொட்டியில் இரண்டு சாக்கு ரப்பர்ச் சீவல் ஊறிக்கொண்டிருந்தது.