பச்சை விளக்கு எரிகிறது

எங்கள் நிறுவனத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் தொலைநோக்கு. ஒரு கூட்டத்தில் அந்தச் சொல்லை இருபது முறையாவது சொல்லுவார். பக்கத்து மேசையில் நடப்பது மட்டும் அவர் கண்ணுக்கு எட்டாது.

நான்கு மாதத்துக்கு முன் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தவர், கழுத்தில் தொங்கிய அட்டையைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்: "இன்னையிலிருந்து நமக்கு சுதந்திரம். எல்லா மெஷினும் லினக்ஸ்!" யாருக்கும் சொந்தமில்லாத, காசில்லாத இயங்குதளம் அது. அவருடைய மடிக்கணினியை மட்டும் பழையபடி விட்டுவிடச் சொன்னார். சுதந்திரம் வந்தால் அதில் உள்ள விளக்கப் படங்கள் கலைந்துவிடுமாம்.

சுதந்திரத்துக்குச் சட்டமும் உண்டு. யாரும் எந்த மெஷினையும் பூட்டக் கூடாது. எல்லாக் கடவுச்சொற்களும் காபி மெஷினுக்கு மேலே வெள்ளைப் பலகையில் எழுதப்பட்டிருக்கும். வாசலில் காவலுக்கு இருப்பவர் நினைத்தாலும் என் கணினியை அடியோடு அழிக்கலாம். பாவம், அவருக்கு அந்த எண்ணம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சரக்கு யார்டுக்குக் கணினியில் கிரேன் பயிற்சி செய்துதரும் வேலை என் தலையில் விழுந்தது. கிரேன் ஓட்டப் பழகுகிறவர் தரையில் லீவர் பொருத்திய ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வார். கண்ணுக்கு முன்னால் நாற்பது மீட்டர் உயரத்துக் கேபின், கீழே பெட்டிகள், ஆட்கள், தொங்கும் கொக்கி. தப்பு செய்தாலும் யாரும் சாகமாட்டார்கள்.

என் அண்ணன் அந்த யார்டில் பதினேழு வருடம் கிரேன் ஓட்டினவன். போன வருடம் ஏணியில் வழுக்கி விழுந்து இடுப்பு போனது. இனி ஏற முடியாது. யார்டு வாசலில் உட்கார்த்தி வைத்து லாரி பாஸுக்கு முத்திரை குத்தச் சொன்னார்கள். அதுவும் இந்த மாதக் கடைசி வரைதான். யார்டின் பாதுகாப்பு அதிகாரி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "இந்தப் பயிற்சி ஓடட்டும். சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேணும்ல? அது நீதான். அதுக்கு இடுப்பு தேவையில்ல."

ஆக, ஹெட்செட்டில் படம் தெரிந்தால் அண்ணனுக்கு வேலை. தெரியாவிட்டால் வீடு.

அந்தக் காட்சியை வரைந்து காட்டும் கேம் என்ஜினை லினக்ஸில் ஏற்றுவதற்கு முதலில் அதன் மூல நிரலை இறக்கிக் கட்ட வேண்டும். ஐந்தரை மணி நேரம் ஓடி, தொண்ணூற்று மூன்று சதவீதத்தில் நினைவகம் போதாமல் செத்துப்போகும். தொலைநோக்கு ஒருநாள் அந்த வழியாகப் போனார்.

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

"தொண்ணூத்தி மூணு சார். அதுலயே ஒரு வாரமா நிக்குது."

"அப்ப முடிஞ்ச மாதிரிதான்," என்றவர், முடிந்துவிட்டது என்று அன்றைக்கே யார்டுக்கு எழுதிவிட்டார்.

இரவல் நினைவகம் செருகி ஒருவழியாகக் கட்டி முடித்தும் ஹெட்செட்டில் படம் வரவில்லை. அதைச் செய்தவர்களுக்கு எழுதினேன். 'தாங்கள் எங்கள் ஆதரவு இல்லாத பாதையில் பயணிக்கிறீர்கள். பயணம் இனிதாகுக' என்று பதில் வந்தது. என்ஜின் சொல்வது ஹெட்செட்டுக்குப் புரியாது, ஹெட்செட் சொல்வது கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரியாது. நடுவில் சமாதானம் பேச வேறொரு மென்பொருள் வேண்டும். அது இரண்டு பேரிடமும் சண்டை போட்டது. கடைசியில் லினக்ஸின் மையமான கெர்னலில் ஒரே ஒரு பதிப்பு, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில் ஒரே ஒரு பதிப்பு, இரண்டும் சேர்ந்தால் மட்டும் படம் வந்தது.

அண்ணனை அழைத்து வந்து மாட்டிவிட்டேன். அவன் கை தானாக லீவரைத் தேடியது.

"பாப்பா, இந்த லீவர் இவ்வளவு லேசா நகராது. முதல்ல ஒரு முனகு முனகும்."

அந்த முனகலையும் சேர்த்தேன். பிறகு ஒரு தாளில் 'அப்டேட் செய்யாதீர்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்' என்று எழுதித் திரையின் மேல் ஒட்டினேன். பூட்டுக்குத் தடை இருக்கிற இடத்தில் அந்தத் தாள்தான் பூட்டு.

யார்டுக்காரர்கள் பார்க்க வரும் நாளில், காலை பதினோரு மணிக்கு அண்ணனை மேலே கூட்டிவரக் கீழே போனேன். கைத்தடியோடு அவன் லிஃப்டுக்குள் ஏறி இறங்கப் பத்து நிமிடம். திரும்பி வந்தபோது விருந்தாளிகள் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் கணினியின் முன் தொலைநோக்கு. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் அருவியாகக் கொட்டின. யார்டின் பெரிய அதிகாரி கைபேசியில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். தாளைக் காணோம்.

"சார், என்ன பண்றீங்க?"

"புதுப்பிக்கிறேன்!" அவருக்குத் தெரிந்த ஒரே கட்டளை அது. "பார்த்தீங்களா, அதிகாரம் பூரா நம்ம கையில."

"அந்தத் தாள்?"

"விருந்தாளிங்க வர்ற இடத்துல 'செய்யாதீங்க'ன்னு எதிர்மறையா எதுக்கும்மா?"

எழுத்துகள் நின்றன. மறுபடி துவக்கவா என்று மெஷின் கேட்டது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் துவக்கிவிட்டார்.

ஹெட்செட்டைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். கும்மிருட்டு. அதன் நெற்றியில் மட்டும் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"சார், ஒரு மணி நேரம் குடுங்க. பழைய பதிப்புக்குப் போயிடறேன்."

"பச்சை எரியுதுல்ல?" பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி என் காதருகே சொன்னார்: "இது ஓடலைன்னா நாளைலேர்ந்து நீ வர வேண்டாம்." பிறகு சத்தமாக, "முதல்ல நம்ம அனுபவசாலி பார்க்கட்டும்!" என்று அண்ணன் தலையில் மாட்டிவிட்டார்.

அண்ணன் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஹெட்செட்டின் பட்டையை இழுத்துச் சரிசெய்தான். பிறகு லீவரைப் பிடித்தான். திருப்பினான், இறக்கினான், நிறுத்தினான், தூக்கினான். பதினேழு வருடம் கையில் இருந்தது.

"எப்படி இருக்குப்பா?" என்றார் பெரிய அதிகாரி.

"அப்படியே நைட் ஷிஃப்ட் சார். யார்டுல விளக்கு போன அன்னைக்கு இருக்குமே, அதேதான்."

தொலைநோக்குக்கு அரை நொடிகூட ஆகவில்லை. "அதான் சார் எங்க சிறப்பு. பகல்ல யார் வேணா ஓட்டிடுவான்!"

பெரிய அதிகாரி வாங்கி மாட்டினார். "அடேயப்பா, ஒண்ணுமே தெரியலையே!"

"தத்ரூபம் சார்."

பாதுகாப்பு அதிகாரி மாட்டிக்கொண்டு எழுந்தார், மேசையில் முட்டி இடித்துக்கொண்டார், 'அபாய உணர்வு நன்றாகக் கிடைக்கிறது' என்று குறித்துக்கொண்டார். ஒப்புதல் அங்கேயே கிடைத்தது. கை தட்டினார்கள்.

நான் பாதுகாப்பு அதிகாரியிடம் போனேன். "சார், சொல்லிக்கொடுக்கிற வேலை அண்ணனுக்குன்னு சொல்லியிருந்தீங்க."

"சொன்னேன்தான்." அவர் முட்டியைத் தடவினார். "ஆனா இருட்டுல ஒருத்தர் பக்கத்துல நின்னு பேசிக்கிட்டிருந்தா தத்ரூபம் கெட்டுப்போகுமே."

"மெஷினே கத்துக்குடுக்குது. ஆள் எதுக்கு?" என்றார் பெரிய அதிகாரி.

"சுதந்திரமா கத்துக்கணும்," என்றார் தொலைநோக்கு.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான். கிரேன்காரன் பிடி. வலித்தது.

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. கெர்னலையும் டிரைவரையும் ஒவ்வொன்றாகப் பழைய பதிப்புக்கு இறக்கினேன். சரியாக ஒரு மணி நேரம்தான் ஆனது. யார்டு வந்தது. வெயில் வந்தது.

"இப்ப பாருண்ணா."

மாட்டிக்கொண்டான். "தெரியுது பாப்பா. கீழ ஆளுங்க தொப்பிகூட தெரியுது." லீவர் முனகியது. ஒரு பெட்டியைத் தூக்கினான்.

தொலைநோக்கு பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். திரையில் வெயிலைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"யாரைக் கேட்டும்மா மாத்தினே? அவங்க கையெழுத்துப் போட்டது இருட்டுக்கு. அந்த வெளிச்சத்தை எடுத்துடு. இப்பவே."

அண்ணன் ஹெட்செட்டைக் கழற்றவில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க சார். கொக்கியில பெட்டி தொங்குது. கீழ ஆள் நிக்கிறான். இறக்கி வச்சுடறேன்."