நிற்க மறுத்த தொப்பி

தொப்பி நிற்கவில்லை. செம்பின் மேல் கவிழ்த்து வைத்தால் சும்மா இருந்தது; எடுத்ததும் நனைந்த அப்பளம் போலத் துவண்டது. ஆயத் அதை மறுபடி செம்பின் மேல் கவிழ்த்தாள்.

நான்கு மூலை மடிப்புள்ள கறுப்புத் தொப்பி. பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளை நூலில் மாங்காய்ப் பூவேலை. மாமனார் காஜா மொய்தீன் துபாயில் இருந்தபோது கூட வேலை பார்த்த உஸ்பெக் நண்பர் கொடுத்தது. பெருநாள் தொழுகைக்கு மட்டும்தான் போடுவார். செங்கல்பட்டில் மகள் வீட்டுக்குப் போனவர் நாளை சாயந்திரம் கடப்பாக்கம் வந்துவிடுவார், மறுநாள் பெருநாள். கல்யாணமாகி வந்த முதல் பெருநாளாயிற்றே, அவர் மெச்சட்டுமே என்று ஆயத் அதைப் புருஷனின் சட்டைகளோடு வாஷிங் மெஷினில் போட்டிருந்தாள்.

"இன்னாடி இது, தொப்பியா தோசையா?" என்று மாமியார் பதருன்னிசா சிரித்தாள். "அவரு பாத்தாருன்னா வூடே ரெண்டுபடும்."

"நீங்க வேற பயமுறுத்தாதீங்க மாமி."

கஞ்சி போட்டாள். விறைத்தது, கடற்காற்று பட்டதும் மறுபடி தொங்கியது. இஸ்திரி போட்டாள். பூவேலை பளிச்சென்றானதே தவிர, தொப்பி எழவில்லை.

அந்த நேரம் பார்த்து, செல்போன் கடை வைத்திருக்கும் புருஷன் முபஷ்ஷிர் சட்டையை உதறிக்கொண்டு வந்தான். "இன்னா ஆயத், சட்டை பூரா வெள்ளையா இன்னாமோ ஒட்டிகினு கீது?"

"பாக்கெட்ல பில்லு வெச்சிருப்பீங்க."

"என் கடையில எவனுக்கு நான் பில்லு குடுத்தேன்? பாக்கெட்டு காலிம்மா, சத்தியமா."

மெஷினின் வடிகட்டிப் பையைத் திறந்தாள். சாம்பல் நிறக் கூழ். தேய்த்துப் பார்த்தாள்: காகிதம்தான். பாக்கெட் காலி என்றால், உள்ளே போனதில் மிச்சம் தொப்பி ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு முன்பு மறைமலைநகரில் கார் சீட் உறை தைத்தவள் அவள். இரண்டு துணியைச் சேர்த்து வரிவரியாகத் தைத்தால், வரிக்கு வரி நடுவே ஒரு குழாய் உண்டாகும். அதற்குள் ஸ்பாஞ்சு இருந்தால் சீட் புடைத்து நிற்கும்; இல்லாவிட்டால் வெறும் துணி.

தொப்பியை விரல்களால் தடவினாள். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே நெருக்கமான தையல் வரிகள். ஒரு வரியின் கோடியில் மட்டும் ஏதோ நெருடியது. விளிம்புத் தையலைப் பிரித்து ஊசியால் இழுத்தாள். முறுக்கிய காகிதத் திரி ஒன்று வந்தது.

"கடையில போன் டப்பாக்குள்ள மெல்லிசா பேப்பர் இருக்குமே, கொஞ்சம் கொண்டாங்க."

"ஏன், தொப்பிக்கு கேரண்டி கார்டு போடப் போறியா?"

சொல்லிக்கொண்டே போய்க் கொண்டுவந்தான். அவள் காகிதத்தை நறுக்கி, முறுக்கி, மைதாப் பசையில் நனைத்து, மொட்டை ஊசியால் குழாய் குழாயாகத் தள்ளினாள். பதருன்னிசாவும் உட்கார்ந்து திரி முறுக்கினாள். விளிம்பைத் தைத்து, மூலைகளை மடித்து, செம்பின் மேல் காயவைத்தார்கள்.

மறுநாள் சாயந்திரம் காஜா மொய்தீன் தொப்பியைத் தலையில் வைத்தார். அது நிமிர்ந்து நின்றது. அவர் அதைக் கழற்றித் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, முன்னைக்கு இப்போ கெட்டியா கீதே?"

ஆயத் விளிம்புத் தையலைத் தொட்டுக் காட்டினாள். "தெரியாம தொவைச்சிட்டேன் மாமா. உள்ள இருந்த பேப்பரு கரைஞ்சிடுச்சு. தையலுக்கு நடுவுல புதுசா பேப்பர்த் திரி அடைச்சிருக்கேன், அதான் நிக்குது. இனிமே தண்ணியில போடக் கூடாது. ஈரத்துணியில தொடைச்சாப் போதும்."