இரண்டாவது ஸ்டிக்

ஆரணியில் வேணுகோபாலின் வீடியோ கேம் கடையில் சண்டை ஆட்டத்துக்கு ஒரே ஒரு பெட்டி இருந்தது. அதில் இரண்டு ஸ்டிக். இடப்பக்கத்து ஸ்டிக் விரல் பட்டாலே திரும்பும், விட்டால் சட்டென நடுவில் நிற்கும். பவர்லூம் மெக்கானிக் வீரபாகு அதைப் பிரித்து, தொய்ந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுத் தறியில் கழற்றிய ஸ்பிரிங்கை அளவாக வெட்டிப் போட்டிருந்தார். உடைந்த குமிழுக்குப் பதிலாக மரத்தில் ஒன்று கடைந்து மாட்டியிருந்தார். அங்கே எப்போதும் உட்காருகிறவன் அவருடைய அக்கா மகன் ஜெயக்குமார். வலப்பக்கம், அவனை எதிர்த்து ஆட வருகிறவர்களுக்கு.

1999இல் வேலூரில் ஒரு போட்டி நடந்தது. ஆரணியிலிருந்து ஒருவர் போகலாம். அதற்கான ஆட்டத்தில் கடைசியாக மிஞ்சியவர்கள் ஜெயக்குமாரும் சுதாகரும். சுதாகர் தேவிகாபுரம் காலனியிலிருந்து பஸ்ஸில் வந்து லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். மூன்று மாதமாக ஜெயக்குமாரிடம் தோற்றுக்கொண்டிருந்தான். நெருப்புப் பந்து வீச, ஸ்டிக்கைக் கீழே இறக்கி அப்படியே பக்கவாட்டில் வளைக்க வேண்டும். சுதாகருக்குப் பத்தில் எட்டு முறை பந்து வராது. நாற்று பிடுங்குகிற கைக்கு இதெல்லாம் எங்கே வரும் என்று கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் கூடச் சிரித்துவைப்பான்.

முதல் ஆட்டத்தில் ஜெயக்குமார் ஜெயித்தான். சுதாகர் எழுந்து நின்றான்.

"அண்ணா, ஒரு ஆட்டம் பக்கம் மாத்திக்கலாங்களா?"

அதெல்லாம் வழக்கமில்லை என்றார் வீரபாகு. இன்றோடு இவன் வாயை அடைத்துவிடலாம் என்று ஜெயக்குமார் இடத்தைக் கொடுத்தான்.

வலப்பக்கத்தில் ஜெயக்குமாருக்கு ஒரு பந்துகூட வரவில்லை. சுதாகருக்கு ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு நிமிடத்துக்குள் ஜெயக்குமார் தோற்றான். ஆளுக்கொரு வெற்றி, இன்னும் ஒரு ஆட்டம். யாரும் சிரிக்கவில்லை.

ஜெயக்குமார் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கினான். தானே பார்ப்பதாக வீரபாகு கை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை.

வலப்பக்கத்து ஸ்டிக்கின் பலகையைத் தூக்கியதும் புளித்த வியர்வை நாற்றம் முகத்தில் அடித்தது. மிக்சர் எண்ணெயில் ஊறிய தூசி, தலைமுடி, மல்லாந்து செத்த ஒரு கரப்பான். அதற்கடியில், ஒன்றையொன்று தொட்டால் அசைவைச் சொல்லும் இரண்டு மெல்லிய தகடுகள். ஒன்றின்மேல் மெரூன் பட்டு இழை சுற்றியிருந்தது. நுனியில் மட்டும் கொஞ்சம் வெற்றுத் தகடு. முழு பலத்தோடு அழுத்தினால் தொடும், வளைக்கும்போது தொடாது.

இழையில் முடிச்சு இல்லை. தறியில் பாவு தீர்ந்தால் பழைய இழையோடு புது இழையைச் சாம்பல் தொட்டு முறுக்குவார்களே, அந்த முறுக்கு. ஆனால் முறுக்கியிருந்தது மறுபக்கமாக. ஜெயக்குமாருக்குத் தெரிந்து அப்படிப் பிணைக்கிற இடக்கைக்காரர் மாமா ஒருவர்தான்.

வீரபாகு அவன் காதருகே குனிந்தார். பாக்கு வாடை அடித்தது.

"மூடுடா. காலனிக்காரன் கையால நம்ம புள்ள தோக்கறத நான் பாத்துகினு நிக்கணுமா? உனக்காவத்தான் செஞ்சன்."

மூன்று மாத வெற்றியில் தன்னுடையது எத்தனை என்று இனி ஜெயக்குமாரால் சொல்ல முடியாது. நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் இழை வந்துவிடும். வந்துவிட்டால் சுதாகருக்குப் பந்து வரும். அந்தக் கை எப்படிப்பட்டது என்று இப்போதுதான் பார்த்திருந்தான்.

பின்னால் நின்ற சுதாகருக்கு வீரபாகுவின் முதுகுதான் தெரிந்தது.

"என்னாங்கண்ணா இருக்குது?"

"அழுக்கு," என்றான் ஜெயக்குமார். கரப்பானை மீசையைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டான். சிலர் சிரித்தார்கள். பலகையை வைத்து நான்கு திருகாணிகளையும் இறுக்கினான். "பழைய பக்கத்துலயே ஆடலாம்."

சுதாகர் கைக்குட்டையால் வலப்பக்கத்துப் பலகையைத் துடைத்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, இடப்பக்கத்தையும் துடைத்தான்.

"உக்காருங்கண்ணா," என்றான்.

ஜெயக்குமார் உட்கார்ந்தான்.