பக்கத்து இருக்கையின் பிரேக்

"அன்னைக்கு வீட்ல ஏதாவது நடந்துதாம்மா? சண்டை, கெட்ட செய்தி, திடீர்னு ஒரு அதிர்ச்சி, அந்த மாதிரி?"

இதய மருத்துவர் கேட்டது கட்டிலில் படுத்திருந்தவளைப் பார்த்து. பதில் சொன்னது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற கணவர்.

"ஐயோ, ஒண்ணுமே நடக்கல டாக்டர். நாங்க இவளைப் பஞ்சுல வச்சுப் பாத்துக்கறோம். வீட்ல யாரும் சத்தமா தும்மறதுகூட இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வயிற்றில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து அவர் முகத்தில் குடியேறிவிட்ட சிரிப்பு அது. குளிக்கப் போகும்போதாவது கழற்றி வைப்பாரா என்று அவளுக்குச் சந்தேகம்.

"ஆமா டாக்டர்," என்றாள் நாத்தனார், பழச்சாறு பாட்டிலை ஆட்டிக்கொண்டே. "அண்ணி கண்ணுல தண்ணி வந்துடும்னு அண்ணன் டிவியில சீரியல்கூட வைக்க விடறதில்ல."

மருத்துவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஃபைலை மூடிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இளம் வயதுப் பெண். தூக்கம் போதாத கண்கள்.

"நான் ஏன் கேக்கறேன்னா, உங்களுக்கு வந்தது வழக்கமான மாரடைப்பு இல்ல. ரத்தக்குழாய்ல அடைப்பே இல்ல. ஆனா இதயத்தோட கீழ்ப்பாதி பலூன் மாதிரி உப்பிப்போய்ச் சரியா சுருங்க மாட்டேங்குது. பெரிய அதிர்ச்சில இப்படி ஆகும். புத்துநோய்க்கு மருந்து ஏத்திக்கறவங்களுக்கு உடம்பும் மனசும் ஏற்கெனவே அடிவாங்கியிருக்கும், அதனால இன்னும் சுலபமா வரும். பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிடும்."

"அப்ப பயமில்லையே டாக்டர்!" என்றார் கணவர், முந்திக்கொண்டு.

"இருங்க. இவங்களுக்கு ஏத்தற மருந்தும் சில பேருக்கு இதயத்தைப் பாதிக்கும். ஸ்கேன்ல ஒரு அளவுக்குத்தான் தெரியும். அதிர்ச்சி ஒண்ணும் இல்லைன்னு நீங்க சொன்னா, எனக்கு மருந்து மேலதான் சந்தேகம் வரும். அந்த மருந்தை நிறுத்தச் சொல்லி எழுத வேண்டியிருக்கும்."

நிறுத்தச் சொல்லி. அந்த மருந்தை அவள் திட்டாத திட்டு கிடையாது. வாயெல்லாம் புண்ணாக்கியது, விரல் நுனிகளை மரக்கட்டையாக்கியது, தண்ணீரைக்கூட இரும்பு மாதிரி ருசிக்க வைத்தது. ஆனால் போன முறை எடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. புற்றுநோய் மருத்துவரே நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கைகொடுத்தார். அவளை உயிரோடு வைத்திருப்பது அந்தக் கேடுகெட்ட மருந்துதான்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் போர்வை நுனியை நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். யார் காதிலும் வலிக்காமல் கண்ணாடியை மாட்டிவிடும் விரல்கள். அன்று என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். காருக்குள் அவள் சரிந்து கிடந்ததை முதலில் பார்த்தது அவர்தான்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளை எல்லோரும் 'பிரேக் அக்கா' என்பார்கள். அவளுடைய சொந்தப் பயிற்சி வண்டியில், சொல்லிக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அவள் அதை மிதித்தால், ஓட்டுகிறவர் காலடியில் இருக்கும் மிதியும் கூடவே கீழே இறங்கும். இரண்டையும் ஓர் இரும்புத் தண்டு இணைத்திருக்கும். எத்தனை பேரை அந்த ஒரு மிதியால் சுவரிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் மீட்டிருக்கிறாள்! பஸ்ஸில் போனாலும் ஓட்டுநருக்கு முன்னால் அவள் கால் தரையை அழுத்திவிடும். இந்தக் கணவரும் அவளிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்தான். கிளட்ச் எது, பிரேக் எது என்று கடைசிவரை பிடிபடவில்லை. தேர்வில் விழுந்த ஒரு நாள், "லைசென்ஸ் வரலைன்னா போகட்டும் மேடம், நீங்க வந்துடுங்களேன்" என்றார். வந்துவிட்டாள். செல்லம் கொஞ்சும்போதும் பயந்துபோகும்போதும் அவருக்கு இன்றும் அவள் மேடம்தான்.

அன்று காலை உடம்பு லேசாக இருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்கூட, "அடுத்த சீசனுக்கு உன் ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் வரிசையில நிப்பாங்க, பாரு" என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தையின் தெம்பில் அவள் வாசலுக்குப் போய், காரின் உறையை விலக்கி, தன் இருக்கையில் உட்கார்ந்தாள். பழைய ரெக்ஸின் வாசனை. கண்ணாடியைத் திருப்பிக்கொண்டாள். பழக்கத்தில் வலது கால் முன்னே போய் அழுத்தியது.

அழுத்த ஒன்றும் இல்லை. கால் வெறும் தரையில் போய் இறங்கியது. குனிந்து பார்த்தாள். திருகாணி கழற்றிய ஓட்டைகள், புத்தம் புது விரிப்பின் ஓரத்தில். கூரையில் இருந்த பயிற்சிப் பலகையையும் காணவில்லை. யாரோ வாங்கப்போகிறார்கள். குடும்பக் காராக. இனி அவள் இந்த இருக்கைக்கு வரப்போவதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவளைத் தவிர. அப்போதுதான் நெஞ்சுக்குள் யாரோ முட்டியை மடக்கி இறக்கியது போல் வலித்தது.

"டாக்டர்," என்றாள் அவள். "இவர் பொய் சொல்றார்."

"ஏய்…" என்றார் கணவர் மெதுவாக.

"அண்ணி, கோபப்படாதீங்க! டாக்டர் கோபமே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க!"

"நான் அப்படிச் சொல்லலையே," என்றார் மருத்துவர். "நீங்க சொல்லுங்கம்மா."

சொன்னாள். கார், கால், ஓட்டை. சொல்லச் சொல்லத் தலைமாட்டில் இருந்த திரையில் எண்கள் ஏறின. கணவர் அவளைப் பார்க்காமல் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் எழுதிக்கொண்டார். "நல்லவேளை சொன்னீங்க. சில வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பண்ணுவோம். இதயம் பழையபடி சுருங்குச்சுன்னா, மருந்தைத் தொடரலாமான்னு உங்க டாக்டரோட உக்காந்து பேசறேன். இப்பவே வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா கதவை மூட வேண்டாம்."

அவர் போனதும் நாத்தனார் பாட்டிலைக் கழுவும் சாக்கில் வெளியே நழுவினாள்.

"ஞாபகப்படுத்தினா மறுபடி நெஞ்சு வலிச்சுடுமோன்னுதான்…" என்றார் கணவர்.

"என் மருந்தை நிறுத்தியிருப்பாங்க. உங்க வெக்கத்துக்கு நான் செத்துருக்கணுமா?"

"வண்டி நின்னுக்கிட்டே இருந்தா துருப்பிடிக்கும்னு… நீ நல்லானதும் புதுசா…"

"நிறுத்துங்க. நான் திரும்பி வரமாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்க. பண்ணினது தப்பில்ல, எனக்கும் பாதி ராத்திரி அப்படித்தான் தோணுது. ஆனா நான் தனியா பயந்துக்கிட்டுக் கிடக்கறேன், நீங்க அந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டே வண்டிக்கு ஆள் பாக்கறீங்க. எங்கிட்ட வந்து 'எனக்குப் பயமா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரு தடவை? இத்தனை நாள்ல ஒரே ஒரு சண்டையாவது போட்டீங்களா என்னோட? உப்பு கூடிப்போச்சுன்னு தட்டைத் தள்ளிவிடற மனுஷன், நான் கருக்கிவச்சதைக்கூட அமிர்தம்னு தின்னீங்க. அன்னைக்கே நான் பொணம்னு தெரிஞ்சுபோச்சு எனக்கு."

திரை கூவியது. செவிலியர் ஓடிவந்து பார்த்து, இருவரையும் முறைத்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் போனார். கணவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. அது இல்லாமல் அவர் சட்டென்று வயதானவராகத் தெரிந்தார். பாவமாகக்கூட இருந்தது. அந்தப் பாவமும் சேர்ந்து அவள் கோபத்தை ஏற்றிவிட்டது.

வீடு திரும்பிய வாரமே மெக்கானிக்கை வரவழைத்தாள். வாங்க இருந்தவருக்குத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்கும் வேலையைக் கணவரிடமே விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

"அக்கா, கழட்டச் சொன்னப்பவே கேட்டேன், அக்காவுக்குத் தெரியுமான்னு," என்றார் மெக்கானிக், காருக்குள் தலையை விட்டபடி. "சர்ப்ரைஸ்னு சொன்னார் சார்."

"ஆமா, நல்ல சர்ப்ரைஸ். ஆம்புலன்ஸ் வந்துச்சு."

மெக்கானிக் திருகாணிகளை முறுக்கினார். தண்டைப் பொருத்தி, மிதிகளை மிதித்துப் பார்த்து, திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். வாசற்படியில் நின்ற நாத்தனார், "அண்ணி, வெயில்ல உக்காரக் கூடாது, உணர்ச்சிவசப்படக் கூடாது…" என்று ஆரம்பித்தாள். அவள் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டாள்.

அவள் தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. கொஞ்சம் காத்திருந்தாள்.

"ஓட்டற சீட்ல உக்காருங்க."

"நானா? எனக்கு லைசென்ஸே…"

"வண்டி நகராது. சாவிகூட என்கிட்டதான் இருக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தார். பழைய நாட்களைப் போலவே முதுகை விறைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு. இன்னும் இரண்டு வாரத்தில் ஸ்கேன்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார் அவர், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

அவள் தன் இருக்கையை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கோபம் போச்சா மேடம்?"

"இல்ல. மிதியிலருந்து காலை எடுங்க."

எடுத்தார். அவள் மரத்துப்போன விரல்களுடைய வலது காலை முன்னே நீட்டினாள். குளிர்ந்த ரப்பர் பாதத்தில் பட்டது. பலம் இருந்த வரைக்கும் அழுத்தினாள். அவர் குனிந்து பார்த்தார். அவருடைய காலடியில், யாரும் தொடாத பிரேக் மெல்லக் கீழே இறங்கி, இறுகி, அங்கேயே நின்றது.