மூன்றாம் மாடி வேட்டைநாய்

அது ஏன் இன்றைக்கு ஊளையிடவில்லை?

அடுக்குமாடி முற்றத்தில் துக்கத்துக்காக எழுப்பிய கம்பளிக் கூடாரத்தின் மரச்சட்டத்தைப் பார்த்தபடி, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சைகாலின் மனதில் இந்த ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் தெந்திமிஷ் கிடந்தான். அவள் வாய் ஒப்பாரியைப் பாடிக்கொண்டிருந்தது. குதிரை கட்டிய கம்பம் சாய்ந்ததே, என் கூரைக்கு நடுவில் வானம் தெரிகிறதே. அது வாயின் வேலை. காது வேறு வேலையில் இருந்தது.

வெளியே புதிதாக ஆட்கள் வந்தார்கள். அடுக்குமாடி வளாகத்தின் வாசலிலிருந்தே ஆண்கள் கதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். "என் ஈரக்குலையே! என் அண்ணனே!" நேற்று முழுக்க இப்படி ஒவ்வொரு கூட்டமும் வந்து கதறியபோதெல்லாம் மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து நாய் பதில் சொன்னது. நீளமாக, கடைசியில் உடைகிற ஒரு குரல். இன்று மனிதர்கள் மட்டும் கதறினார்கள். பிறகு அமைதி. அடுப்புகளில் விறகு வெடிக்கும் சத்தம்.

"நல்லவேளை, அந்தச் சனியன் வாயை மூடிச்சு," என்றாள் பக்கத்தில் இருந்த அனார்கான். தெந்திமிஷின் அக்கா. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் சரியாக மூச்சு வாங்கத் தெரிந்தவள். "மூக்கை மேல தூக்கி ஊளையிட்டா இன்னொரு பொணம் விழும். என் தம்பியக் கொன்னது பத்தாதா அதுக்கு?"

கொன்றதா? இரண்டு நாளாகச் சைகாலும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்துநாலு வயசு. மார்ச் மாதப் பனியில் விடிகாலையில் கால்வாய்க் கரைக்குப் போய், ஒரு வேட்டைநாயை ஓடவிட்டு, மூன்று மாடி ஏறி அதை அதன் வீட்டில் விட்டுவிட்டு, முதல் மாடிக்கு இறங்கி வந்தான். சமையலறை முக்காலியில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினான். "இன்னிக்கு அது ஓடினதை நீ பாத்திருக்கணும், சைகால்," என்றான். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "ம்," என்றாள். திரும்பியபோது இன்னொரு பூட்ஸ் காலிலேயே இருந்தது.

அவன் முகம் மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. மூச்சு வாங்கிய முகம்தான். ஆனால் களைத்த முகம் இல்லை.

*

குளிப்பாட்டும் நேரம் வந்ததும் பெண்களை வெளியே வரச் சொன்னார்கள். உடலைக் கழுவும் ஐந்து பேர் கைகளை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கழுவுகிறவர்களுக்கு இறந்தவனின் துணிமணிகள் போகவேண்டும். அனார்கான் வீட்டுக்குள் வந்து அலமாரியைத் திறந்து கோட், தொப்பி, சட்டை என்று எடுத்துப் போட்டாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய தடித்த நீலச் சட்டையையும் கழற்றினாள்.

"இது நல்லா இருக்கே. மூத்த ஆளுக்கு இதைக் குடுத்துடலாம்."

"கொஞ்சம் இருங்க அண்ணி."

சைகால் அதன் பையில் கை விட்டாள். காய்ந்த ரொட்டித் துண்டு. கொஞ்சம் மணல். சுருட்டி வைத்த தோல்வார். கைபிடிக்கிற இடம் கறுத்து மெழுகாகியிருந்தது. அவள் வாரை எடுத்துத் தன் உள்பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டு சட்டையை நீட்டினாள்.

"என்னது அது?"

"ஒண்ணுமில்ல. அவரு துணியில்ல."

படிக்கட்டில் உலான் எதிரே வந்தான். மூன்றாம் மாடிக்காரன், டயர் கடை வைத்திருப்பவன். நேற்றிலிருந்து அவன் தூங்கவில்லை. கூடாரம் வரவழைத்தது அவன், துக்க விருந்துக்குக் குதிரையை அறுக்க ஆள் பிடித்தது அவன், அண்டாக்களுக்குக் கீழே குனிந்து ஊதி ஊதிக் கண்கள் சிவந்திருந்தன. சைகாலைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. நேத்து அது பண்ணின கூத்துல எனக்குத் தலையே நிமிரல. இனி சத்தம் வராது. வாயைக் கட்டி குளியலறையில போட்டுட்டேன்."

"குளியலறையிலயா?"

"இருட்டா இருந்தா அடங்கிடும். அண்ணனுக்கு ஒரு மரியாதை வேணாமா? நாளைக்கே கடைக்குக் கொண்டுபோய் சங்கிலில கட்டிடுறேன். உங்க கண்ணுலயே படாது."

அவன் கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது. தெந்திமிஷுக்கு மரியாதை செய்வதற்காகத்தான் அவன் அதைச் செய்திருந்தான். சைகாலுக்கு ஒரு கணம் சிரிப்பு வரும்போல இருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தெந்திமிஷ் முதன்முதலாக உலானின் கதவைத் தட்டிய நாள் அவளுக்கு நினைவிருந்தது. பின்னாலேயே போய்ப் படியில் நின்றிருந்தாள், சண்டை வந்துவிடுமோ என்று.

"உன் நாய்க்கு உடம்பு சரியில்லயா தம்பி?"

"இல்லயே அண்ணே, நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் படுக்கையிலயே வச்சிருக்க?"

உலான் விழுந்து விழுந்து சிரித்தான். "தைகான் வேட்டைநாய் அண்ணே, நரின் மலையிலேருந்து மச்சான் அனுப்பினது. விலை சொன்னா மயங்கிடுவீங்க. பேரு போரோன்."

"பனிப்புயல்னு பேரை வச்சு பால்கனில பூட்டி வச்சிருக்கியே. கண்ணாடி உடையலயா?"

"உங்களுக்கு வேலயில்லன்னா நீங்க கூட்டிட்டுப் போங்க, யாரு வேணாம்னா?" என்று விளையாட்டாக வாரை நீட்டினான் உலான். தெந்திமிஷ் விளையாடவில்லை. வாங்கிக்கொண்டான்.

முப்பது வருடம் டிராலிபஸ் ஓட்டியவன். "கண்ணாடிக் கூண்டுக்குள்ள உட்கார்ந்து வெளிய ஊரு போறதப் பாத்துட்டே இருக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும்," என்பான். "எனக்காவது மாசம் பொறந்தா சம்பளம் வந்துது." தினமும் கதவருகே நின்று, "வர்றியா?" என்று கேட்பான். அவள் முட்டி வலி என்பாள். முட்டி வலித்ததும் உண்மைதான். சன்னலில் நின்று பார்ப்பாள். சாம்பல் நிறத்தில் மெலிந்து உயர்ந்த ஒரு மிருகமும், அதற்குப் பக்கத்தில் பூட்ஸ் சத்தத்துடன் அவள் கணவனும் வளாகத்தைத் தாண்டிப் போவார்கள். தெரு முனை வரைக்கும்தான் தெரியும். அதற்கப்புறம் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது.

*

தொழுகை முடிந்தது. கம்பளியில் சுற்றி அவனைத் தூக்கினார்கள். பெண்கள் கூடாரத்துக்குள்ளிருந்து பெருங்குரல் எடுத்தார்கள். சைகாலும் எடுத்தாள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. ஆண்கள் எல்லாரும் போனதும் வளாகம் சட்டென்று காலியானது. அண்டாக்கள் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தன.

"இனிமே நாப்பதாம் நாள் வரைக்கும் நீ வாசல் தாண்டக்கூடாது," என்று அனார்கான் அவள் தோளைத் தடவினாள். "நான் இருக்கேன். ரொட்டி சுட, வர்றவங்களப் பாக்க எல்லாத்துக்கும் நான் இருக்கேன். நீ உட்கார்ந்திருந்தாப் போதும்."

உட்கார்ந்திருந்தால் போதும். சைகால் அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"எங்க?"

"மேல."

மேரிம் கதவைப் பாதி திறந்தாள். உலானின் மனைவி, சின்னப் பெண். கையில் மாவு ஒட்டியிருந்தது. துக்கவீட்டுக்கு அனுப்பப் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அய்யோ அக்கா, நீங்க ஏன் ஏறி வந்தீங்க? வரக்கூடாதே நீங்க?"

"குளியலறை எது?"

"அக்கா, அவரு வந்தா என்னைத்தான் கேப்பாரு."

"நான் எடுத்துட்டுப் போனேன்னு சொல்லு. பலவந்தமா எடுத்தேன்னு சொல்லு. வேணும்னா உன்ன அடிச்சேன்னு கூடச் சொல்லிக்கோ."

மேரிம் சிரித்துவிட்டு, சாவு நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கும் அது அங்க கிடக்கிறது பிடிக்கலக்கா. ராத்திரி கதவைச் சுரண்டிட்டே இருந்துது. அப்புறம் நிறுத்திடுச்சு. அதான் இன்னும் பயமா இருந்துது."

விளக்கைப் போட்டபோது போரோன் தொட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் இடையில் மடிந்து கிடந்தது. மூஞ்சியில் பெண்கள் போடும் நீளக் காலுறை ஒன்று இறுகக் கட்டியிருந்தது. அது எழுந்திருக்கவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தியது. சைகால் தரையில் உட்கார்ந்தாள், முட்டி கடகடவென்றது. முடிச்சு ஈரத்தில் இறுகிப் போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. காலுறை கழன்றதும் நாய் அவளை நக்கவில்லை, குரைக்கவில்லை. அவள் இடுப்பில் இருந்த வாரின் பக்கம் மூக்கைக் கொண்டுவந்து, மெல்ல, நெடுநேரம் மூச்சை இழுத்தது.

வாரை அதன் கழுத்தில் மாட்டி, "வா," என்றாள் அவள். "எனக்கு வழி தெரியாது. நீதான் கூட்டிட்டுப் போகணும்."

அது கூட்டிக்கொண்டு போனது. அண்டாக்களைத் தாண்டி, கூடாரத்தைத் தாண்டி. கூடார வாசலில் அனார்கான் வாயைத் திறந்தபடி நின்றாள். கறுப்பு உடுப்பில், முக்காட்டுடன், ஒரு விதவை நாயைப் பிடித்துக்கொண்டு போவதை எதிர்வீட்டுச் சன்னல்கள் எல்லாம் பார்த்தன. அவள் நடையை வேகப்படுத்தவில்லை. முட்டி அவ்வளவுதான் விட்டது. நாய் அதற்கு ஏற்ப மெதுவாக நடந்தது. தெரு முனையில் நின்றது. திரும்பி அவளைப் பார்த்தது. இடதுபக்கம் திரும்பியது.

தண்ணீர் விடாத கால்வாய் காய்ந்து கிடந்தது. அப்பால் பனி திட்டுத்திட்டாக உருகிய வயல், அதன் ஓரத்தில் இலையில்லாத பாப்ளர் மர வரிசை. கரையில் ஒரு தட்டைக் கல் இருந்தது. சுற்றிலும் பூட்ஸ் தடம். அவள் அந்தக் கல்லில் உட்கார்ந்து வாரைக் கழற்றினாள். திரும்பி வராவிட்டால்? கூப்பிடத் தெந்திமிஷிடம் ஒரு சீட்டி இருந்தது. அது என்ன சீட்டி என்று அவள் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

"போ."

முதலில் அது நின்றது. பிறகு அங்கே நாய் இல்லை. வயலின் குறுக்கே ஒரு சாம்பல் கோடு நீண்டது, வளைந்தது, மரங்களை ஒட்டித் தாழ்ந்து பறந்தது. நாலு காலும் தரையில் படாத கணங்கள் இருந்தன. சைகால் வாய்விட்டு, "ஓ," என்றாள். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. மரங்களுக்குப் பின்னால் அது மறைந்தது. அவள் காத்திருந்தாள். இரண்டு நாளில் முதல்முறையாக அவள் வாய் எதையும் பாடவில்லை.

அது திரும்பி வந்தபோது விலாப்பக்கங்கள் துடித்துக்கொண்டிருந்தன. அவளிடம் நிற்காமல் அவளைத் தாண்டிப் போய், வந்த வழியைப் பார்த்து நின்றது. யாரோ பின்னால் தாமதமாக வருகிறார்கள் என்பதுபோலத் தெரு முனையையே பார்த்தது. அவளும் பார்த்தாள். ஒரு சைக்கிள்காரன் கடந்து போனான். கடைசியில் நாய் வந்து அவள் முட்டியில் தன் முழுப் பாரத்தையும் சாய்த்தது. வலித்தது. அவள் நகரவில்லை.

*

வளாகத்துக்குள் நுழைந்தபோது வண்டிகள் திரும்பிவிட்டிருந்தன. ஆண்கள் நீள மேசைகளில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஒவ்வொரு மேசையாக நின்றது.

அனார்கான்தான் முதலில் வந்தாள். "உனக்குப் புத்தி பிசகிடுச்சா? மண்ணு போட்ட ஈரம் காயல. நாயைத் தொட்ட கையோட எப்படி ரொட்டியத் தொடுவ? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்லட்டும் அண்ணி. தொட்டா கழுவிக்கலாம்."

உலான் எழுந்து வந்தான். பூட்ஸில் கல்லறைச் செம்மண். கோபமில்லை அவன் முகத்தில், குழப்பம்தான். மேசைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில், "குடுங்கக்கா," என்று கையை நீட்டினான். "நான் மேல கட்டிடுறேன். நாளைக்குக் கடைக்குப் போயிடும். நீங்க உள்ள போங்க. உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

நீட்டிய கை அப்படியே நின்றது. நல்ல கைதான். இரண்டு நாளாக இந்த வீட்டுக்காக விறகு சுமந்த கை.

சைகால் வாரைத் தன் மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"இல்ல தம்பி," என்றாள். "அது இன்னும் தண்ணி குடிக்கல."

பக்கத்து மேசையிலிருந்த பெரிய கிண்ணத்தை எடுத்து, அதிலிருந்த தேநீரின் அடிமண்டியைக் கொட்டிவிட்டு, வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு கூடார வாசலில் வைத்தாள். போரோன் குனிந்தது. வளாகத்தில் வேறு சத்தமில்லை. அது குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. உலான் கையை மெல்லக் கீழே இறக்கினான். கிண்ணம் காலியானதும் சைகால் மறுபடி வாளியில் கை விட்டாள்.