பெருவிரல் அசைந்தால்

மெட்டில்டாவுக்கு அன்று காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. டாக்டர் கேசவமூர்த்தி வந்து சகாயநாதனைச் சோதிக்கப் போகிறார். அவள் அந்த மைசூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவன் அவள் புருஷன். தசராவுக்கு விளக்குக் கட்ட ஏறிய ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, இடுப்புக்குக் கீழே செத்த உடம்பாகக் கிடக்கிறான்.

செத்த உடம்பு சும்மா கிடந்தாலாவது பரவாயில்லையே! பாழாய்ப்போன கால்கள் நினைத்தபோதெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தன. உட்கார வைத்தால் ஆளையே கீழே தள்ளின. ராத்திரியில் அவளையும் கண்மூட விடவில்லை. குதிகால் தேய்ந்து புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டது.

சீமையில் படித்துவிட்டு வந்த டாக்டர், முதுகுத்தண்டில் ஆல்கஹால் ஊசி போட்டு இழுப்பை அடக்கும் புது ஆராய்ச்சியில் இருந்தார். இழுப்பு நின்றால் புண் ஆறும், நாற்காலியில் உட்காரலாம். ஆனால் நரம்பில் கொஞ்சநஞ்சம் உயிர் இருந்தால் அதுவும் போய்விடும். அதனால்தான் இந்தச் சோதனை. சொன்னதும் பெருவிரல் அசைந்தால் ஊசி கிடையாது, பயிற்சிதான்.

"உசிரு இல்லாமலா காலு இந்த உதை உதைக்குது?" என்று சகாயநாதன் தினமும் கேட்பான். அது வெறும் இழுப்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

டாக்டர் வந்து போர்வையைப் பாதத்திலிருந்து விலக்கினார். "ஸ்வல்ப, கொஞ்சம் மனசு வெச்சு, பெருவிரலை அசையுங்க."

விரல் வெடுக்கென்று நிமிர்ந்தது! மெட்டில்டா கட்டிலை ஒட்டி வந்து குனிந்தாள்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் நிமிர்ந்தது.

அப்போதுதான் போர்வைக்குள் அவன் கை நகர்வதைப் பார்த்தாள். தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். அங்கே தொட்டால் கால் இழுத்து விரலும் நிமிரும் என்பது தினமும் உடம்பு துடைத்துவிடுகிற அவளுக்குத் தெரியாதா? பேசாமல் இருந்துவிடலாமா? அந்தப் புண் ஆளையே தின்றுவிடுமே!

அவன் கையை வெளியே இழுத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "இப்போ கேளுங்க டாக்டர்."

கட்டின பெண்டாட்டியைப் பார்க்கிற பார்வையா அவன் பார்த்தது!

"அசையுங்க," என்றார் டாக்டர்.

அவன் பல்லைக் கடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வேர்த்தது. விரல் அப்படியே கிடந்தது.

"அசைங்களேன்!" என்று கத்தியது மெட்டில்டாதான். "மாதாவே! ஒரே ஒரு தடவை அசைங்களேன்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. சகாயநாதன் தலையணையில் தலையைச் சாய்த்தான்.

"போடுங்க டாக்டர்," என்றான். "இவளாவது கொஞ்சம் தூங்கட்டும்."

டாக்டர் மருந்தெடுக்கப் போனார். அவன் கையை மெட்டில்டா விடவில்லை. கண் மட்டும் அந்த விரலிலேயே இருந்தது.